வராதவர் எல்லாரும் ‘பாய்காட்’ செய்தவர்களா?

கேள்வி: நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பராமரிப்புக் கட்டண உயர்வு பற்றிய கூட்டத்துக்கு மூன்று உறுப்பினர்கள் வரவில்லை. நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் ‘பாய்காட்டட் ஃப்ரம் தி மீட்டிங்’ என்று எழுதினேன். காய்ச்சலால் வர இயலாத ஒருவர் அதை ஆட்சேபிக்கிறார். நான் எழுதியது தவறா?

பதில்: தவறுதான், இலக்கணத்திலும் பொருளிலும். இரண்டுக்கும் விடை அந்தச் சொல் பிறந்த கதையிலேயே இருக்கிறது.

பெயரைக் கேட்டதும் இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் ஜெஃப்ரி பாய்காட் நினைவுக்கு வரலாம். அவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்த கேப்டன் சார்லஸ் பாய்காட்டின் பெயர் அது. குத்தகை விவசாயி ஒருவரை வெளியேற்றிய நிலத்தை வேறொருவர் எடுத்தால், சாலையிலும் கடையிலும் சந்தையிலும் வழிபாட்டுத் தலத்திலும்கூட அவரோடு யாரும் பழகக் கூடாது என்று 1880 செப்டம்பரில் ஐரிஷ் குத்தகை விவசாயிகளின் தலைவர் பார்னெல் எனிஸ் நகரில் பேசினார். அந்த ஆயுதம் விரைவிலேயே, குத்தகை விவசாயிகளை வெளியேற்ற முயன்ற பாய்காட்டின் மீது பாய்ந்தது. வேலையாட்கள் நின்றுவிட்டார்கள், கடைக்காரர்கள் பொருள் தர மறுத்தார்கள். நவம்பரில் கேவன், மோனஹன் பகுதிகளிலிருந்து வந்த சுமார் 50 பேர், ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்களின் காவலில், அவருடைய கிழங்குகளைத் தோண்டி எடுத்தார்கள். அதற்கான செலவு விளைச்சலின் மதிப்பைப் போலப் பல மடங்கு. டிசம்பர் தொடக்கத்தில் அவர் அயர்லாந்தை விட்டே போனார். அதற்குள் அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது.

ஒதுக்கியவர்களின் பெயரன்று, ஒதுக்கப்பட்டவரின் பெயரே சொல்லாயிற்று என்பதைக் கவனியுங்கள். ஒருவரை ‘பாய்காட்’ செய்வது என்றால், அந்தக் கேப்டனுக்குச் செய்ததை அவருக்கும் செய்வது என்றே முதலில் பொருள். எனவே இந்த வினை செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். நடுவில் ‘ஃப்ரம்’ வராது. ‘பாய்காட்டட் தி மீட்டிங்’ என்பதே சரி. ‘ஆப்சென்ட் ஃப்ரம்’, ‘அப்ஸ்டெய்ன் ஃப்ரம்’ ஆகியவற்றின் பழக்கத்தால் அந்த ‘ஃப்ரம்’ உங்கள் வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எதிர்ப்பைக் காட்டும் நோக்கம் இல்லாவிட்டால் இந்தச் சொல் பொருந்தாது. 1905இல் வங்காளத்தில் அன்னியத் துணியை விலக்கியதும், 1928இல் சைமன் குழுவை ஒதுக்கியதும் எதிர்ப்பைக் காட்டச் செய்தவை. அக்காலத் தமிழ் இதழ்கள் பகிஷ்காரம் என்றன, இலங்கையில் வேலைநிறுத்தத்தை இன்றும் பணிப்பகிஷ்கரிப்பு என்கிறார்கள். காய்ச்சலில் படுத்திருந்தவர் எதையும் பகிஷ்கரிக்கவில்லை. அவருக்கு ‘ஆப்சென்ட்’ போதும். மற்ற இருவரும் கட்டண உயர்வை எதிர்த்தே வரவில்லை என்று எழுத்திலோ நேரிலோ தெரிவித்திருந்தால் மட்டும் ‘பாய்காட்டட்’ என்று எழுதுங்கள். உங்கள் ஊகம் மட்டும்தான் என்றால் ‘டிட் நாட் அட்டெண்ட்’ என்பதோடு நிறுத்துங்கள். வந்து பாதியில் எழுந்து போனால் அது வெளிநடப்பு, ‘வாக் அவுட்’. உட்கார்ந்திருந்தும் வாக்களிக்காமல் இருந்தால்தான் ‘அப்ஸ்டெய்ன்’.

குறிப்பேட்டில் அடித்துத் திருத்த வேண்டாம். அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பை உறுதிசெய்யும்போது திருத்தத்தை வாசித்துப் பதிவுசெய்யுங்கள்.