நான்கு மணிக்கு எழுந்தால்தான் கதை எழுத முடியுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மதுரையில் குடியிருக்கிறேன், திருமங்கலத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். கல்லூரி நாட்களில் எழுதிய சில சிறுகதைகள் சிறுபத்திரிகைகளில் வந்திருக்கின்றன. திருமணத்துக்குப் பிறகு எழுத்து நின்றுபோயிற்று. இப்போது மீண்டும் எழுத ஆசை. பெரிய எழுத்தாளர்கள் விடியற்காலையில் எழுதுவார்கள் என்று படித்துவிட்டு நான்கு மணிக்கு எழுந்து பார்த்தேன். இரவு படுக்கவே பதினொன்றரை ஆகிவிடுகிறது. இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. வீட்டில் இரண்டே அறைகள். மாமியார், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். எழுதுவதற்கென்று தனி அறை இல்லாமல் தொடர்ந்து எழுத முடியுமா? இதை ஒரு பழக்கமாக்கிக்கொள்வது எப்படி?

பதில்: தனி அறை இல்லாமலும் எழுத முடியும். அதற்கு முன், நான்கு மணி முயற்சியில் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாலரை மணி நேரம் தூங்கி எழுந்தவருக்குப் பகலில் கண் சொக்குவது மன உறுதிக் குறைவால் இல்லை. நீங்கள் எடுத்துப் போட்டுக்கொண்டது வேறொருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

விடியற்கால எழுத்துக்கு உதாரணமாக அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசனைச் சொல்வார்கள். அவர் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தவர். பிள்ளைகள் எழுவதற்கு முன் கிடைத்த நேரம்தான் அவருக்குச் சொந்தம். இருட்டாக இருக்கும்போதே காபி போட்டு எடுத்துக்கொண்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டே குடிப்பாராம், பிறகுதான் எழுத்து. பொழுது சாய்ந்த பிறகு தன் மூளை ஓடுவதில்லை என்பதையும் அவர் கண்டுகொண்டிருந்தார். தன் மாணவர்களுக்கு அவர் சொன்னது இதுதான்: எந்த நேரத்தில், எப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் சிறப்பாக இருக்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுந்திருங்கள் என்று அவர் எல்லோருக்கும் விதி வகுக்கவில்லை.

எனவே அடுத்த இரண்டு வாரம் அட்டவணை எதுவும் வேண்டாம். கைப்பையில் ஒரு சின்னக் குறிப்பேடு மட்டும் இருக்கட்டும். நாளில் எப்போதெல்லாம் ஒரு வாக்கியமோ, ஒரு முகமோ, யாரோ பேசிய ஒரு பேச்சோ தானாக மனத்தில் எழுகிறதோ, அப்போது மணி என்ன, எங்கே இருந்தீர்கள், கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று ஒரே வரியில் குறித்துவையுங்கள். 'செவ்வாய், இரவு 9.10, பாத்திரம் கழுவும்போது' என்பது போதும். நான் நடத்தும் சிறுகதைப் பயிற்சிகளில் எல்லோருக்கும் கொடுக்கும் முதல் வேலை இது. ஒருவருக்குத் தலைக்கு எண்ணெய் தேய்க்கும் நேரம், இன்னொருவருக்குப் பிள்ளையின் டியூஷன் வாசலில் காத்திருக்கும் நேரம் என்று எதிர்பாராத இடங்கள் வந்து நிற்கும். உங்கள் பழக்கத்தை அந்த இடங்களிலிருந்துதான் கட்ட வேண்டும். ஏற்கனவே கதவு திறந்திருக்கும் நேரத்தை விட்டுவிட்டுப் பூட்டியிருக்கும் நேரத்தில் போய்த் தட்டுவதால்தான் பலர் களைத்துப்போகிறார்கள்.

குறித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எழுதுவது என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. கதையை யோசிப்பது ஒன்று, முதல் வரைவை எழுதுவது ஒன்று, எழுதியதைத் திருத்துவது ஒன்று. மூன்றுக்கும் வேண்டிய இடமும் நேரமும் வேறு வேறு. ஒரே மேசையில் ஒரே மணி நேரத்துக்குள் மூன்றையும் முடிக்கப் பார்க்கும்போதுதான் வெள்ளைத் தாள் நம்மை முறைக்கிறது. தனி அறை இல்லையே என்ற ஏக்கமும் இந்தக் குழப்பத்திலிருந்துதான் பாதி வருகிறது.

யோசிப்பதற்கு உங்களுக்கு அறையே தேவையில்லை. நல்ல இடம் தினமும் இரண்டு முறை கிடைக்கிறது: திருமங்கலம் பஸ். காலையில் ஏறும்போது கதையைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஏறுங்கள். 'அவள் ஏன் கதவைத் திறக்கவில்லை?' போன்ற குறிப்பான கேள்வியாக இருக்க வேண்டும். 'அடுத்து என்ன நடக்கும்?' என்பது அகலமான கேள்வி, மனம் அதில் அலைந்துவிடும். கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பாருங்கள். பஸ் ஆடும்போது எழுத முயல வேண்டாம். இறங்கியதும் நிழலில் நின்று, கிடைத்த பதிலை இரண்டு வரியில் குறித்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதே கேள்வி மாலை பஸ்ஸிலும் ஏறட்டும்.

நடையும் இதே வேலையைச் செய்யும். 2014இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மேரிலி ஒப்பெஸ்ஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் நடத்திய ஆய்வில், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஆனால், ஒரே சரியான விடையைத் தேடும் வேலைக்கு நடை அப்படி உதவவில்லை. கதையின் முடிச்சை அவிழ்க்க நடங்கள். வாக்கியத்தைச் செதுக்க உட்காருங்கள்.

மதுரையில் இருப்பவர் என்பதால் இன்னொரு இடமும் சொல்கிறேன். மீனாட்சியம்மன் கோவிலுக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை; வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தரிசனம் முடிந்து பொற்றாமரைக் குளத்துப் பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் ஏன் தனியாக இருக்கிறாய் என்று கேட்பதில்லை. நம் ஊர்களில் ஒரு பெண் டீக்கடையிலோ பூங்காவிலோ தனியாக உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்கும் பார்வைகள் உங்களுக்குத் தெரியும். அந்தத் தொல்லை இல்லாத பொது இடம் எளிதில் வாய்ப்பதில்லை. நூல்களை ஏற்கவும் தள்ளவும் செய்த சங்கப் பலகை மிதந்த குளம் அது என்று ஐதீகம். கதை யோசிக்க அதைவிடப் பொருத்தமான படிக்கட்டு ஏது?

முதல் வரைவுக்குத்தான் ஓர் இடம் வேண்டும். அதிலும் அறை தேவையில்லை, ஒரு மூலை போதும். ஆனால் அந்த மூலை மாறக் கூடாது. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் திருப்பம், சமையலறை வாசலை ஒட்டிய சுவரோரம், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உணவு மேசையின் ஒரு பக்கம் என்று ஏதாவது ஒன்று. சுவரைப் பார்த்து உட்காருங்கள். கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். காதில் விழும் பேச்சு, சொற்களைக் கொண்டு செய்யும் வேலையைக் கெடுக்கும் என்பது உளவியலாளர்கள் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். மின்விசிறிச் சத்தமும் தெருவின் பொது இரைச்சலும் அவ்வளவு தொல்லை தருவதில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் எழுதுவேன் என்றால் வரிகள் இல்லாத நாகஸ்வரமோ வீணையோ கேளுங்கள்.

பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோவார்களே, கிளிப் வைத்த அட்டை, அதில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்துத் தாள்களை அதில் செருகி, அந்தக் கதைக்கு மட்டும் என்று வையுங்கள். வீட்டுக் கணக்கும் மளிகைப் பட்டியலும் அதில் ஏறக் கூடாது. சில வாரங்களில் அந்த அட்டையை மடியில் வைத்ததுமே மனம் கதைக்குள் போய்விடும்; மூலை கைவிட்டுப்போகும் நாளிலும் அட்டை உங்களோடு வரும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் தபால் துறை அதிகாரி. வேலை நிமித்தம் ஓயாமல் ரயிலில் போய்க்கொண்டிருந்தவர். அவர் மடியில் வைத்து எழுதச் சிறிய பலகை ஒன்றைச் செய்துகொண்டு, ரயில் பெட்டியிலேயே பென்சிலால் நாவல் எழுதினார். ஊரில் இருக்கும் நாட்களில் காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதியவரும் அவரே. அந்தக் கடிகாரக் கதையைச் சொல்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: காபியோடு வந்து எழுப்புவதற்குச் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தார், ரயிலில் எழுதியதைப் படியெடுத்துத் தர மனைவி இருந்தார். உங்கள் வீட்டில் அந்தக் காபியைப் போடுவதே நீங்கள்தான். அவருடைய பலகையை எடுத்துக்கொள்ளுங்கள், கடிகாரத்தை விட்டுவிடுங்கள்.

மூலையில் உட்கார்ந்ததும் என்ன செய்வது என்பதில்தான் பழக்கம் நிலைக்கிறது. முந்தைய நாள் எழுதியதன் கடைசி மூன்று வரிகளைப் புதிய தாளில் அப்படியே கையால் பெயர்த்து எழுதுங்கள். இது யோசனை தேவைப்படாத வேலை. கை ஓடத் தொடங்கிவிடும், நான்காவது வரி பெரும்பாலும் தானாக வரும். இருபத்தைந்து நிமிடம் போதும். எழுதும்போது எதையும் அடிக்க வேண்டாம். சரியான சொல் அகப்படாவிட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். நிறுத்தும்போது வாக்கியத்தை முடிக்காதீர்கள். 'பாப்பாத்தி அக்கா வாசலில் கால் வைத்ததும் முதலில் பார்த்தது' என்று எழுதி, எதைப் பார்த்தாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்போதே அட்டையை மூடுங்கள். மறுநாள் உட்காரும்போது அந்த வாக்கியம் உங்களுக்காகக் காத்திருக்கும். அத்தியாயத்தை முடித்த நிறைவோடு எழுந்தவர் மறுநாள் மீண்டும் முதல் வரியிலிருந்து போராட வேண்டும்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தைக் கடிகார மணியோடு கட்டாதீர்கள். வீட்டில் எப்படியும் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டுங்கள். 'இரவு எட்டரைக்கு' என்றால் ஒரு விருந்தாளி வந்தாலே கெட்டுவிடும். 'சமையலறை மேடையைத் துடைத்து விளக்கை அணைத்ததும்' என்றால், அது எட்டரைக்கு நடந்தாலும் ஒன்பதே காலுக்கு நடந்தாலும் எழுத்து அதன் பின்னாலேயே வரும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபாடு இருந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. உங்கள் நான்கு மணி முயற்சி இரண்டு வாரத்தில் நின்றதில் வியப்பில்லை.

திருத்தும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு நிமிர்ந்து உட்காரும் நாற்காலி, நல்ல வெளிச்சம், தெரியாத மனிதர்கள் நடுவே இருக்கும் அமைதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போங்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். தள்ளிப் போனால் நாற்காலி கிடைப்பது கடினம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் அருகிலுள்ள கிளை நூலகமே போதும். பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான், ஞாயிறு திறந்திருக்கும். உதட்டசைவு மட்டும் இருக்கும்படி வாசித்துப் பார்த்து, மூச்சு முட்டும் வாக்கியங்களை வெட்டுங்கள்.

வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். 'எனக்கு எழுத நேரம் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. 'மேடை துடைத்த பிறகு இருபத்தைந்து நிமிடம் நான் மாடிப்படியில் இருப்பேன். பால் பொங்கினால்கூட நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று கணவரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். மாமியாரிடம் நீங்களே நேரில் சொல்வது நல்லது. பிள்ளைகள் மூலம் தெரியவந்தால் மனத்தாங்கல் வரும்.

அப்படிச் சொல்லக்கூட முடியாத வீடுகள் இருக்கின்றன. துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மா, திருமணத்துக்குப் பிறகு வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் குளியலறையில் நின்று எழுதியவர். அவருடைய கவிதைகளை வெளியே கொண்டுசேர்த்தவர் அவருடைய அம்மா. இதைக் கேட்டு, மனம் இருந்தால் குளியலறையிலும் எழுதலாம் என்று பெண்களுக்கு உபதேசிப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. அவர் அப்படி எழுத நேர்ந்தது ஓர் அநியாயம். அந்த அம்மாவைப் போல ஒருவர் வாய்க்காத எத்தனை வீடுகளில் எத்தனை கவிதைகள் தாளுக்கே வராமல் போயிருக்கும்! கேட்கும் நிலையில் இருக்கும் நீங்கள் தயங்காமல் கேளுங்கள். உங்கள் மகளும் மகனும் அதைப் பார்த்து வளரட்டும்.

கடைசியாக ஒன்று. வங்கியில் மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் அந்த வாரங்களில் புதிய வரைவு எதையும் தொடங்காதீர்கள். இரவு மூலைக்கும் விடுமுறை கொடுத்துவிடுங்கள். பஸ் கேள்வி மட்டும் தொடரட்டும். பிப்ரவரிக்குள் ஒரு கதையின் முதல் வரைவை முடித்து அட்டையிலேயே கிடக்கவிட்டால், ஏப்ரல் முதல் ஞாயிறு நூலகத்தில் திருத்துவதற்கு அது தயாராக இருக்கும்.