முப்பது நாள் உள்ளே இருந்தால் போதுமா?

குடி, போதை மறுவாழ்வு மையங்களைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவருக்கு வயது 46. பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடிக்கிறார். காலையில் ஒரு கட்டிங் போடாவிட்டால் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. போன கார்த்திகையில் மாலை போட்டுக் குடியை அடியோடு நிறுத்தினார். மறுநாள் இரவே வலிப்பு வந்துவிட்டது. விரதத்தில் ஏதோ குறை என்று உறவினர்கள் சொன்னார்கள். இப்போது மறுவாழ்வு மையத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். அங்கே என்னதான் செய்வார்கள்? வீட்டிலேயே வைத்து நிறுத்த முடியாதா? — வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: விரதத்தில் ஒரு குறையும் இல்லை அம்மா, திடீரென்று நிறுத்தியதால் வந்த வலிப்பு அது. மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். அது நாள்தோறும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால், அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒரு நாள் மது நின்றுவிட்டால், தணிப்பதற்கு எதுவும் இல்லாமல் அந்த வேகம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. கடைசியாகக் குடித்த ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வதுபோலவும், இல்லாத ஆள் கூப்பிடுவதுபோலவும் தோன்றும் கடுமையான மனக்குழப்பம் வரலாம். சிகிச்சையில்லாமல் விட்டால் இந்தக் கடைசி நிலை உயிரையே பறிக்கக்கூடியது. ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மறுமுறையும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், வீட்டில் வைத்து நிறுத்தும் முயற்சி வேண்டவே வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை, "இன்றோடு நிறுத்து" என்று பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதும் வேண்டாம்.

மையத்தில் முதல் ஐந்திலிருந்து பத்து நாட்கள் இந்த ஆபத்தைக் கடப்பதற்காக மட்டுமே. இரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் ஆகியவற்றைப் பரிசோதிப்பார்கள். நெடுநாள் குடிப்பவர்களின் உடலில் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும் என்பதால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அதை ஊசியாகப் போடுவார்கள். இந்த வரிசை மாறினால் மூளைக்கு நிலையான பாதிப்பு ஏற்படலாம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கக் குளோர்டயாசெபாக்சைடு போன்ற மாத்திரைகளை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, பின்னர் நிறுத்திவிடுவார்கள். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, "கையை முன்னால் நீட்டுங்கள், விரலை விரியுங்கள், இன்று என்ன கிழமை சொல்லுங்கள்" என்று கேட்டு ஒரு தாளில் மதிப்பெண் குறிப்பார். பார்க்கச் சாதாரணமாகத் தோன்றும். அடுத்த மாத்திரையின் அளவை முடிவு செய்வது அந்தத் தாள்தான்.

கை நடுக்கம் நின்று, பசியெடுத்து, தூக்கமும் வந்தவுடன் பலரும், "நான் சரியாகிவிட்டேன், வீட்டுக்கு அனுப்புங்கள்" என்பார்கள். குடும்பத்தாரும் அதை நம்பி அழைத்துப்போய்விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. உடம்பிலிருந்துதான் மது போயிருக்கிறது. குடிக்க வைத்த பழக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அடுத்த மூன்று, நான்கு வாரங்கள் அவற்றுக்கானவை: நாள்தோறும் ஆலோசகருடன் தனியே பேசுவது, குழுவாக அமர்ந்து பேசுவது, குடி தொடங்கிய நாளிலிருந்து தன் கதையை நோட்டில் எழுதி மற்றவர்கள் முன் படிப்பது, எந்த நேரத்தில், யாருடன், எந்தத் தெருவில் ஆசை கிளம்புகிறது என்று பட்டியலிட்டு மாற்றுவழி யோசிப்பது. "ஒரு நாளைக்கு ஒரு குவார்ட்டர்தான்" என்று மனைவியிடமும் மருத்துவரிடமும் சாதித்தவர், எதிரே அமர்ந்திருப்பவர்களும் அதே பொய்யைச் சொன்னவர்கள் என்பதால், குழுவில் மட்டும் சிரித்துக்கொண்டே மூன்று என்று ஒப்புக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு நாளாவது குடும்பத்தாருக்கும் வகுப்பு இருக்கும். அதற்குக் கட்டாயம் போங்கள்.

கேள்வி: சுவரொட்டியில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். அவர்களே வண்டியில் வந்து என் தம்பியைத் தூக்கிப்போவார்களாம். மூன்று மாதம் பார்க்கவும் பேசவும் கூடாதாம். இது வழக்கம்தானா? — வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: வழக்கமாக இருக்கலாம், சட்டப்படி சரியன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. ஒருவர் விருப்பப்பட்டுச் சேர்வதே பொது விதி. விருப்பமில்லாதவரைச் சேர்க்க வேண்டுமானால், மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்து, அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்கிறது, அல்லது தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்று முடிவு செய்திருக்க வேண்டும். அதுவும் முதலில் 30 நாட்களுக்கு மேற்படாமல்தான். பார்வையாளர்களைச் சந்திப்பதும் தொலைபேசியில் பேசுவதும் உள்ளே இருப்பவரின் உரிமை. கட்டாயமாக மொட்டையடிப்பதும் கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. சங்கிலியால் கட்டுவதற்கு எந்த வடிவிலும் இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். வரவேற்பறையில் குளிர்சாதன வசதி இருந்தது. உள்ளே நாற்பது பேருக்கு இரண்டு கழிப்பறைகள், மருந்து அலமாரியின் சாவியோ சமையல்காரரிடம். அதனால் சேர்க்கும் முன் நேரில் போய், உள்ளே வரை பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா, மனநல மருத்துவர் வாரத்தில் எந்தெந்த நாட்கள் வருகிறார், இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க மருந்து இருப்பதாக விளம்பரம் பார்த்தேன். கொடுக்கலாமா? — வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: கூடாது. அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் இருக்குமானால் ஆபத்து இன்னும் கூடுதல். அந்த மருந்தைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும்; இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிர் போகவும் கூடும். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு நீடிக்கலாம் என்பதால்தான், நல்ல மையங்கள் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, ஒப்புதல் பெற்று, குடித்து 12 மணி நேரமாவது கடந்த பிறகே இதைத் தொடங்குகின்றன. அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, உங்கள் கையால் காலையில் கொடுத்தால் அது நல்ல மருந்து.

கேள்வி: கூலி வேலை செய்கிறோம். தனியார் மையத்தில் கேட்கும் பணத்துக்கு வழியில்லை. — வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்கு உள்நோயாளியாகச் சேர்த்துச் சிகிச்சை தருகிறார்கள். "கலங்கரை" என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை 2025இல் தமிழக அரசு தொடங்கியது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் உள்ளன. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டால் அருகில் உள்ள மையத்தைச் சொல்வார்கள். 1980இல், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது இத்தனை வாசல்கள் இருக்கவில்லை. ஆனாலும், 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார்.

கேள்வி: என் மகன் குடிப்பதில்லை, வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான். அதே மையத்தில் சேர்க்கலாமா? — வாசகர், சென்னை

பதில்: இரண்டுக்கும் சிகிச்சை தரும் மையமா என்று முதலில் கேளுங்கள். ஓபியாய்டு என்னும் அபின் போன்ற வகை வலி மாத்திரைகளுக்கு மருந்தே வேறு; புப்ரினார்ஃபின் போன்றவற்றை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கலாம். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகள் அவசியம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சில வாரங்கள் விலகியிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்ததும் பழைய அளவையே போட்டு மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. இதை அவனிடம் வெளிப்படையாகவே சொல்லிவைக்க வேண்டும்.

கேள்வி: முப்பது நாள் இருந்துவிட்டு வந்த மாப்பிள்ளை, ஐம்பதாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டார். கட்டிய பணமெல்லாம் வீண்தானே? — வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: சர்க்கரை நோயாளிக்கு ஒரு தீபாவளியில் அளவு ஏறிவிட்டால் பார்த்த வைத்தியம் வீண் என்று சொல்வோமா? ஆனால் அந்த ஐம்பது நாட்களில் மையத்திலிருந்து எத்தனை முறை அழைத்தார்கள், நீங்கள் எத்தனை முறை அவரை மறுபரிசோதனைக்கு அழைத்துப்போனீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன். உள்ளே வைத்திருந்த நாட்களை வைத்து நான் ஒரு மையத்தை எடைபோடுவதில்லை. வெளியே அனுப்பிய பிறகு ஓராண்டாவது கூடவே வருகிறார்களா என்றுதான் பார்ப்பேன். முதல் மூன்று மாதங்களே மிகவும் வழுக்கும் காலம். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற, குடிக்கும் ஆசையைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை எழுதிக் கொடுத்திருந்தால், நன்றாக இருக்கிறார் என்று அவற்றை நிறுத்திவிட்டீர்களா என்று பாருங்கள்.

நடந்ததைக் கேலியாகவோ சபையிலோ பேச வேண்டாம். குடி மறுபடி நாள்தோறும் என்று ஆகிவிடுவதற்குள், முடிந்தால் நாளைக் காலையே, அவரையே மையத்துக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். மறுபடி சேர வேண்டுமா, வந்து பேசிவிட்டுப் போனால் போதுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். குடியை விட விரும்புபவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் மகளுக்கு, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அடுத்த முகூர்த்தத்துக்கு அவரைத் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் அழைத்துப்போய், சாப்பிட்டவுடன் கிளம்பிவிடுங்கள்.