தைப்பட்டத்துக்கு வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்விகள்

பொங்கல் முடிந்த கையோடு தோட்டக் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. பதிலுக்கு முன் ஒரு கணக்கு. தை முதல் நாளிலிருந்து மே தொடக்கத்தில் வரும் அக்னி நட்சத்திரம் வரை ஏறக்குறைய 110 நாள். சமவெளியில் இதுதான் நமக்குக் கிடைக்கும் வசந்தம். எதை விதைப்பதானாலும் இந்த 110 நாளுக்குள் காய் பறிக்க முடியுமா என்று பாருங்கள்.

மாடியில் பத்துக்குப் பத்து அடி இடம் இருக்கிறது. முதல் முறை. என்ன போடலாம்?

வெண்டை, கொத்தவரை, கத்தரி, ஒரு பந்தல் கொடி, இரண்டு தொட்டி கீரை. இதற்கு மேல் இந்த வருடம் வேண்டாம். வெண்டையையும் கொத்தவரையையும் நேரடியாக விதையுங்கள். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கத்தரியை விதையிலிருந்து தொடங்கினால் நாற்றுக்கே ஒரு மாதம் போய்விடும், அதனால் நர்சரியில் நாற்றாக வாங்கி நடுங்கள். வெண்டை மட்டும் எட்டு, பத்து செடியாவது இருக்கட்டும். இரண்டு மூன்று செடி வைத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு காய்தான் வரும். பொரியலுக்குச் சேர்த்து வைப்பதற்குள் முதலில் பறித்தது வாடிவிடும்.

காலிஃபிளவர் போடலாமா?

வேண்டாம். அது குளிர் கேட்கும் பயிர். ஐப்பசி வரட்டும்.

போன தையில் அவரை போட்டேன். கொடி மாடி முழுக்கப் படர்ந்தது, ஒரு பூ கூட இல்லை. உரம் போதவில்லையா?

உரத்தில் குறையில்லை அம்மா. நாட்டுப் பந்தல் அவரை பகல் நேரம் குறையும்போதுதான் பூக்கும். அதனால்தான் ஆடியில் விதைத்து மார்கழி, தையில் பறிக்கிறோம். தைக்குப் பிறகு பகல் நீண்டுகொண்டே போவதால் அது இலையாகத்தான் வளரும். நானும் இப்படி ஒரு பருவத்தை இழந்திருக்கிறேன். இப்போதே அவரை வேண்டுமென்றால், எல்லாப் பட்டத்திலும் காய்க்கும் குத்து அவரை ரகம் கேட்டு வாங்குங்கள்.

பீர்க்கங்காய் பிஞ்சு விடுகிறது. விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. என்ன மருந்து அடிக்க?

மருந்து அடிக்காதீர்கள், முதலில் பூவைப் பாருங்கள். பீர்க்கையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் பிஞ்சு ஒட்டியே இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழும். நகரத்து மாடிகளில் இதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பீர்க்கை சாயங்காலம் பூக்கிற கொடி. காலையில் போய்ப் பார்த்தால் பூ வாடியிருக்கும். ஐந்து, ஆறு மணிவாக்கில் புதிதாக மலர்ந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சுரைக்கும் இதே நேரம்தான். பாகல் மட்டும் காலைப் பூ. முதலில் வெறும் ஆண் பூவாக வந்தால் கவலை வேண்டாம், பெண் பூ பின்னால் வரும். அப்புறம், பக்கத்தில் ஒரு துளசித் தொட்டி வையுங்கள். தேனீ தேடி வரும்.

பைக்கு மண் கலவை எப்படி?

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். அதிலுள்ள உப்பு இளம் வேரைக் கருக்கிவிடும்.

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகிறது.

வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது, குணமாகாது. அந்தச் செடியை இன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மற்ற செடிகளுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். அடுத்த முறை அர்கா அனாமிகா போல இந்த நோயைத் தாங்கும் ரகம் வாங்குங்கள்.

சிறுகீரை இரண்டு முறை விதைத்தும் முளைக்கவில்லை ஐயா.

தொட்டி ஓரத்தில் எறும்பு இருக்கிறதா? விதையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, தொட்டியைச் சுற்றி மஞ்சள்தூள் தூவுங்கள். தண்ணீரைக் குடத்திலிருந்து ஊற்றாமல் கையால் தெளியுங்கள். நாலைந்து நாளில் பச்சை தெரியும்.