லைட்னிங் ரன் தலைகீழாகச் சுற்றுமா?

அமெரிக்காவின் லூயிவில் நகரில் உள்ள கென்டக்கி கிங்டம் கேளிக்கைப் பூங்காவில் மகன் லைட்னிங் ரன் ரோலர் கோஸ்டரில் ஏறியே தீருவேன் என்கிறான், கூடப் போனால் தலைகீழாகச் சுற்றுமோ என்று பயம் என எழுதியிருந்தீர்கள். சுற்றாது, ஒரு வளையம்கூடக் கிடையாது.

சில வருடம் மூடிக்கிடந்த பூங்கா 2014இல் மறுபடி திறந்தபோது வந்தது இது. உயரம் 100 அடிதான். ஆனால் முதல் இறக்கம் 80 டிகிரி, ஏறக்குறைய சுவர் மாதிரி. சின்ன இடத்துக்குள் மேடுகளை நெருக்கி வைத்திருப்பதால் மூச்சு வாங்க நேரமே இருக்காது. மேட்டுக்கு மேடு உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். பிடித்து வைப்பது மடியை அழுத்தும் கம்பி மட்டும்தான்.

சாப்பிட்டவுடன் ஏறாதீர்கள். முதல் தடவை நடு வரிசை போதும். முன்பக்கம் பாயும்போது கடைசி வரிசையை உச்சியிலிருந்தே இழுத்துக்கொண்டு போகும். அதை மகனுக்கு விட்டுவிடுங்கள்.