கணக்கு படிச்சு காட்டற சாஃப்ட்வேர்: காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை

கேள்வி: வணக்கங்க. நாங்க குடியாத்தம் பக்கம், தறி ஓட்டி பொழைக்கிறோம். பொண்ணுக்கு பிறவிலேயே பார்வை இல்ல, ஆனா பிளஸ் டூல கணக்குல நல்ல மார்க், இப்போ வேலூர்ல ஒரு காலேஜ்ல பி.எஸ்சி மேத்ஸ் சேர்ந்துட்டா. அசைன்மென்ட் எல்லாம் டைப் பண்ணி தான் குடுக்கணுமாம். கடைல கேட்டா லேப்டாப், திரைய படிச்சு காட்டற சாஃப்ட்வேர், கணக்கு எழுதற சாஃப்ட்வேர், பிரெய்லி மெஷின் எல்லாம் ஒரே செட்டா எடுத்துக்கோங்க, லட்சத்துக்கு மேல ஆகும்னு சொல்றாங்க. நகைய வெச்சு வாங்கிடலாமா?

பதில்: அய்யா, நகைய வெக்காதீங்க. அந்த லிஸ்ட்ல இன்னைக்கு நீங்க காசு போட வேண்டியது லேப்டாப்புக்கு மட்டும் தான்.

திரைய படிக்கறதுக்கு என்விடிஏன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, விண்டோஸ்ல ஓடும், முழுசா இலவசம். 2006ல ஆஸ்திரேலியால மைக்கேல் கரன், ஜேம்ஸ் டேன்னு ரெண்டு பேரு ஆரம்பிச்சது, ரெண்டு பேருக்குமே பார்வை கிடையாது, தங்களுக்கு வேணும்னு தாங்களே எழுதுனது. இலவசம்னதும் மட்டமா இருக்கும்னு நினைச்சிடாதீங்க, உலகம் பூரா இத வெச்சு வேலைக்கு போறவங்க இருக்காங்க. அதோட சேர்ந்து ஓடற மேத்கேட்னு ஒண்ணு, நீல் சாய்ஃபர்ங்கறவர் செஞ்சது, அதுவும் இலவசம் தான். கணக்க வாய்விட்டு சரியா படிக்கறது இதோட வேலை. ஏ பிளஸ் பி ரெண்டையும் சேர்த்து சி-யால வகுக்கறதும், ஏ-யோட பி பை சி-ய கூட்டறதும் வேற வேறன்னு கேட்கறவங்களுக்கு தெரியற மாதிரி, பின்னம் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு சொல்லி படிக்கும். கடைக்காரர் சொல்றது ஜாஸ்னு காசு குடுத்து வாங்கற திரை படிக்கற சாஃப்ட்வேரா இருந்தா அதுவும் நல்லது தான், நான் குறை சொல்லல, ஆனா காசு குடுக்காமலேயே ஒவ்வொரு தடவையும் 40 நிமிஷம் ஓடும், அப்புறம் கம்ப்யூட்டர ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி 40 நிமிஷம். பொண்ணு ரெண்டையும் ஒரு மாசம் வெச்சு பார்க்கட்டும், எது பிடிக்குதுன்னு அவளே சொல்லட்டும்.

இப்போ நான் சொல்றது தான் முக்கியம், கடைல யாரும் இத சொல்ல மாட்டாங்க. எவ்ளோ காசு போட்டு எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும், காலேஜ்ல குடுக்கற நோட்ஸ் எந்த ஃபைல்ல வருதோ அத பொறுத்து தான் எல்லாமே. வாத்தியார் கையால எழுதி ஃபோன்ல ஃபோட்டோ புடிச்சு வாட்ஸப்ல போட்டா அது வெறும் படம், சாஃப்ட்வேருக்கு அதுல படிக்க எழுத்தே இல்ல. சாதாரண பிடிஎஃப்ல எழுத்து இருக்கும் ஆனா கணக்கு இருக்காது, எக்ஸ் ஸ்கொயர்னு இருக்கறத எக்ஸ் டூன்னு படிச்சிட்டு போயிடும், பின்னத்துல மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒரே வரில கலந்து வரும், அத கேட்டுட்டு அந்த பொண்ணு என்ன தான் போட முடியும்? அதே கணக்க வேர்டுல ஈக்வேஷனாவே போட்டு அந்த வேர்டு ஃபைலையே அனுப்பினாலோ, மேத்எம்எல், அதாவது வெப் பக்கத்துல கணக்க கணக்காவே எழுதற முறை, அது இருக்கற வெப் பக்கமா குடுத்தாலோ அழகா படிக்கும். பொண்ணு அந்த ஈக்வேஷன் மேல நின்னு என்விடிஏ கீயோட (இன்சர்ட் கீ தான் அது) ஆல்ட், எம் அழுத்தினா உள்ளயே போயி அம்புக்குறி கீய வெச்சு ஒவ்வொரு துண்டா நடந்து பார்க்கலாம். நாம கண்ணால சமன்பாட்ட திரும்பி திரும்பி பார்ப்போமே, அவ காதால அத பண்றா. தொரப்பாடில ஒரு பையன் என் பக்கத்துல உட்கார்ந்து இப்படி ஒரு இன்டகிரல பிரிச்சு பிரிச்சு கேட்டு அடுத்த வரிய டைப் பண்ணத நான் பார்த்தேன், அன்னைல இருந்து இந்த விஷயத்த யாரு கேட்டாலும் நான் விடறதில்ல.

அதனால முதல்ல காலேஜ்ல போயி எச்ஓடிய, அதாவது துறைத் தலைவர பாருங்க. பிடிஎஃப் வேணாம் சார், நீங்க டைப் பண்ண வேர்டு ஃபைலோ லேடெக் ஃபைலோ அப்படியே குடுங்கன்னு கேளுங்க. லேடெக்னா கணக்க வெறும் எழுத்தாவே டைப் பண்ற ஒரு முறை. அது அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும், பிடிஎஃப்பே அதுல இருந்து வந்தது தானே. இது சலுகை இல்லீங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 16, அரசு நிதியோ அங்கீகாரமோ வாங்கற கல்வி நிறுவனம் அந்த மாணவருக்கு தேவையான ஏற்பாட்ட செஞ்சு தரணும்னு சொல்லுது. வாயால கேட்டதோட விடாம எழுத்துலயும் குடுங்க, நகல்ல சீல் வாங்கிக்கோங்க.

லேப்டாப்புக்கு 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போதும், ஆனா வலது பக்கம் நம்பர் கீ தனியா இருக்கற மாடலா பாருங்க, என்விடிஏல நிறைய கட்டளை அந்த கீல தான் இருக்கு. ஹெட்ஃபோன் வயர் வெச்சது. ப்ளூடூத்துல வார்த்தையோட ஆரம்பம் சில சமயம் விழுங்கிடும், கணக்குல மைனஸ் விழுங்கிட்டா போச்சு.

பிரெய்லி மெஷின கடைசியா பார்த்துக்கலாம். கணக்குக்குன்னு நெமத் கோடுன்னு ஒண்ணு இருக்கு, ஆப்ரகாம் நெமத்ங்கற பார்வையில்லாத கணக்கு பேராசிரியர் உருவாக்கினது, 1952ல வந்துது. பொண்ணுக்கு அது பழக்கமான்னு கேளுங்க, தெரியாதுன்னா அந்த மெஷின் இப்போ பெட்டிலயே கிடக்கும். தெரியும்னா சொந்த காசுல இறங்கறதுக்கு முன்னாடி அடையாள அட்டையோட மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல போயி என்ன உதவி கிடைக்கும்னு கேட்டுடுங்க.

கேள்வி: அண்ணா, நான் காட்பாடி. எனக்கு கை நடுக்கம், பேனா புடிச்சு எழுத வராது. செமஸ்டர்ல மேத்ஸ் பேப்பர் ரெண்டு இருக்கு. கணக்கு டைப் பண்ற மேத்டைப் சாஃப்ட்வேர் வாங்கலாமா, இல்ல லேடெக் கத்துக்கணுமா?

பதில்: தம்பி, உன்கிட்ட புது வேர்டு இருந்தா இப்போதைக்கு ரெண்டுமே வேணாம். ஆல்ட்டும் ஈக்வல் கீயும் சேர்த்து அழுத்து, ஈக்வேஷன் பெட்டி வரும், அதுல மவுஸ தொடாம டைப் பண்ணலாம், சாய்வு கோடு போட்டு ஸ்பேஸ் தட்டினா பின்னமாவே மாறிடும். அடிக்கடி வர்ற நீள கணக்குக்கு வேர்டுலயே இருக்கற மேத் ஆட்டோகரெக்ட்ல ரெண்டெழுத்து குறுக்குவழி நீயே வெச்சுக்கலாம். ரெண்டு கீய ஒரே நேரத்துல அழுத்த கஷ்டமா இருந்தா ஷிஃப்ட்ட அஞ்சு தடவ தட்டு, ஸ்டிக்கி கீஸ் வரும், அப்புறம் ஒவ்வொண்ணா அழுத்தினா போதும்.

மேத்டைப் 30 நாள் சும்மா ஓட்டி பார்க்கலாம், அதுக்கு மேல சந்தா. கார்டு குடுத்து சந்தா சேர்ந்தா ஆட்டோபே ஆன்ல இருக்கான்னு பாரு, பணம் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி உனக்கு மெசேஜ் வரணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, அந்த மெசேஜ விட்டுடாத.

லேடெக்க எம்.எஸ்சி போற ஐடியா இருந்தா மட்டும் லீவுல உட்கார்ந்து கத்துக்கோ, வெறும் எழுத்து தான், காசு கிடையாது. பரிட்சை எழுத கம்ப்யூட்டர் வேணும்னா இப்பவே மனு குடு, ஹால் டிக்கெட் வந்தப்புறம் ஓடினா நடக்காது.

கேள்வி: அண்ணா, ஆம்பூர்ல இருந்து எழுதறேன். எந்த பிடிஎஃப்ப போட்டாலும் கணக்க படிக்கும்னு சொல்லி ஒரு கடைல ஒரு வருஷ சாஃப்ட்வேர் வித்தாங்க. என் தம்பிக்கு வாங்கினது, ஸ்கேன் நோட்ஸ போட்டா தப்பு தப்பா வருது. பில்லும் குடுக்கல. திருப்பி கேட்டா சாஃப்ட்வேருக்கு ரீஃபண்டே கிடையாதுன்றாங்க. இன்னா பண்றதுன்னே தெரில.

பதில்: அம்மா, அப்படி பொத்தாம்பொதுவா சொல்லி தட்டிவிட முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல பில் குடுக்காததே முறையற்ற வணிகம். குறை இருக்கற பொருள திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு சொல்றதும் அப்படித்தான், பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள பணத்த திருப்பணும். நீங்க பணம் அனுப்பின யுபிஐ விவரம், எந்த பிடிஎஃப்ப போட்டாலும் படிக்கும்னு அவங்க அனுப்பின வாட்ஸப் மெசேஜ், தப்பா வந்த பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்து வெச்சுடுங்க. அந்த மெசேஜ் தான் உங்க சாட்சி, ஏன்னா ஸ்கேன படிக்கற எந்த சாஃப்ட்வேரும் கையெழுத்து கணக்குல தடுமாறத்தான் செய்யும், எல்லாத்தையும் படிக்கும்னு வாக்கு குடுத்தது தான் இங்க தப்பு.

முதல்ல கடைக்கு பதிவுத்தபால்ல ஒரு லெட்டர், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன். அதுலயும் ஆகலன்னா உங்க ஊருக்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை பெங்களூர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கற இடத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, வக்கீல் இல்லாமலேயே பேசலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அடுத்த தடவ எந்த கடைக்கு போனாலும் தம்பியோட நோட்ஸ்லயே ஒரு பக்கத்த பென் டிரைவ்ல கொண்டு போங்க, அவங்க வெச்சிருக்கற டெமோ ஃபைல் எப்பவும் நல்லா தான் ஓடும்.

கேள்வி: நான் ஆற்காடு பக்கம் ஒரு காலேஜ்ல மேத்ஸ் எடுக்கறேன். இந்த வருஷம் என் கிளாஸ்ல பார்வையில்லாத மாணவர் ஒருத்தர். டிபார்ட்மென்ட் காசுல எதாவது வாங்கணுமா?

பதில்: மேடம், நீங்க கேட்டதே எனக்கு சந்தோஷமா இருக்கு. எதுவும் வாங்க வேணாம். உங்க நோட்ஸ் லேடெக்ல இருந்தா பேண்டாக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அது மேத்எம்எல்லோட வெப் பக்கமா மாத்தி குடுக்கும், பெரிய மேட்ரிக்ஸ், சொந்த மேக்ரோ இருக்கற இடத்த மட்டும் ஒரு தடவ சரிபாருங்க. அந்த மாணவர் லேடெக்லயே பதில் எழுதினா அந்த எழுத்தாவே வாங்கிக்கோங்க. அவர் என்விடிஏல குறியீடு எல்லாத்தையும் படிக்கற மாதிரி வெச்சிருக்காரான்னு கேளுங்க, இன்சர்ட்டோட பி அழுத்தினா மாறும், இல்லன்னா சில அடைப்புக்குறி காதுலயே விழாது. அப்புறம் போர்டுல எழுதும்போது இது, அதுன்னு கை காட்டாம, எழுதறத வாயால சொல்லிக்கிட்டே எழுதுங்க மேடம்.