கோல்ஃப் களத்தில் மனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் திடலில்) நேராகப் போகும் பந்து, ஆட்டம் தொடங்கியதும் ஏன் இடமும் வலமுமாக ஓடுகிறது? மன உறுதி போதவில்லையா?

குறை உங்கள் மனத்தில் இருப்பதைவிடப் பயிற்சி முறையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒரே 7 அயர்ன் மட்டையை எடுத்து, ஒரே இலக்கை நோக்கிக் கூடையில் உள்ள பந்துகளையெல்லாம் அடித்துத் தீர்ப்பவர், ஒரு ஷாட்டின் பிழையை அடுத்த ஷாட்டிலேயே திருத்திக்கொள்கிறார். களத்தில் அந்த வசதி கிடையாது. 1979இல் ஷே, மார்கன் என்னும் இரு ஆய்வாளர்கள் கை அசைவுகளைக் கற்பித்து நடத்திய சோதனையில், ஒரே அசைவைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். அசைவுகளைக் கலந்து செய்தவர்களோ, பயிற்சியில் திணறினாலும், பின்னர் சோதித்தபோது கற்றதைக் கூடுதலாகத் தக்கவைத்திருந்தார்கள். ஆகவே கூடையின் கடைசிப் பாதியையாவது நீங்கள் வழக்கமாக ஆடும் களமாகப் பாவித்து, முதலில் நெடுந்தொலைவுக்கான டிரைவர், அடுத்து நடுத்தரத் தொலைவுக்கான அயர்ன், பிறகு குறுகிய தொலைவுக்கான வெட்ஜ் என ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றி அடியுங்கள். பார்ப்பதற்கு அலங்கோலமாகத்தான் இருக்கும். ரேஞ்சில் அழகாக அடிப்பவருக்கு யாரும் கோப்பை தருவதில்லை.

குழியிலிருந்து மூன்றடித் தொலைவில் பட்டிங் செய்யும்போது (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும்போது) கை நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

நடுக்கம் அச்சத்தால் வருகிறதா, உங்களை மீறி மணிக்கட்டு துள்ளுகிறதா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். இரண்டாவது வகையை 'யிப்ஸ்' என்பார்கள். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் இதனால் பலமுறை அவதிப்பட்டும், பட்டர் என்னும் பட்டிங் மட்டையைப் பிடிக்கும் முறையை மாற்றி மாற்றி ஆடி, 1985இலும் 1993இலும் முன்னணிப் போட்டியான மாஸ்டர்ஸின் பட்டத்தை வென்றார். மன உறுதியை மட்டும் நம்பி இதனுடன் மல்லுக்கட்டுவது வீண்.

அச்சம்தான் காரணம் என்றால் கண்ணிலிருந்து தொடங்குங்கள். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், தேர்ந்த ஆட்டக்காரர்கள் பந்தை அடிப்பதற்கு முன் பார்வையை அதன்மீது அலையாமல் நிறுத்துவதையும், அடித்த பிறகும் ஒரு கணம் அதே இடத்தில் வைத்திருப்பதையும் கண்டறிந்தார். தடுமாறுபவர்களின் பார்வையோ பந்துக்கும் குழிக்கும் மட்டைக்குமாகத் தாவிக்கொண்டிருக்கும். பந்து குழிக்குள் விழும் ஓசை கேட்கும்வரை தலையை நிமிர்த்துவதில்லை என்று வைத்துக்கொண்டு தினமும் பழகுங்கள்.

வீட்டில் அமர்ந்தபடி ஷாட்டை மனத்தில் ஓட்டிப் பார்ப்பதால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் அது களப் பயிற்சிக்கு மாற்றாகாது. மேஜர் எனப்படும் தலையாய போட்டிகளில் 18 பட்டங்களை வென்ற ஜாக் நிக்லாஸ் பயிற்சியில்கூட ஷாட்டை மனத்தில் பார்க்காமல் அடித்ததில்லை என்று கூறியவர். பந்து விழவேண்டிய இடத்தை முதலில் பார்த்து, அது பறந்து செல்லும் பாதையை அடுத்து பார்த்து, அதற்கேற்ற ஸ்விங்கை (மட்டை வீச்சை) உங்கள் கண் வழியாகவே காணுங்கள். "தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது" என்று நினைப்பவர் தண்ணீரைத்தான் மனத்தில் வரைகிறார் என்பதை மறக்கவேண்டாம்.

ஒரு குழிக்கான ஆட்டத்தில் சறுக்கினால் மீதி ஆட்டமும் போய்விடுகிறது. கோபத்தை எப்படி அடக்குவது?

கோபத்தைவிட, அதன் பிடியில் எடுக்கும் முடிவுகளே அதிகம் கெடுக்கின்றன. 1999 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி களத்தின் கடைசிக் குழியை ஆறு ஷாட்களில் முடித்திருந்தாலே பிரான்சின் ழான் வான் டி வெல்ட் வென்றிருப்பார். முதல் ஷாட்டை அடிக்கும் இடமான டீயில் டிரைவரை எடுத்தார். பந்து வலப்புறம் விலகிய பிறகும் பின்வாங்காமல் குழி இருக்கும் புல்தரையான கிரீனை நோக்கியே அடித்தார். மூன்றாவது ஷாட்டில் பந்து பாரி ஓடைக்குள் போயிற்று. ஏழு ஷாட்கள் ஆகி, சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் பால் லாரியிடம் பட்டத்தை இழந்தார். மரத்தடியிலிருந்தோ புதரிலிருந்தோ சீராக வெட்டிய புல்வெளியான ஃபேர்வேக்குத் திரும்ப ஒரு ஷாட்டைச் செலவிடுவது என்று ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துகொண்டால், கோபமான நேரத்தில் முடிவெடுக்கும் வேலையே இராது.

தோல்வி ஒட்டிக்கொண்டே இருக்கும் என்றும் அஞ்சவேண்டாம். 2011 மாஸ்டர்ஸின் இறுதிச் சுற்றை நான்கு ஷாட் முன்னிலையுடன் தொடங்கிய ரோரி மெக்கில்ராய், குறைந்த ஷாட்களில் முடிப்பவரே வெல்லும் இந்த ஆட்டத்தில் 80 ஷாட்கள் எடுத்துச் சரிந்தார். அதே ஆண்டு ஜூனில் யு.எஸ். ஓப்பனை எட்டு ஷாட் வித்தியாசத்தில் வென்றார்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் எவ்வளவு நேரம் எடுக்கலாம்?

2019 முதல் நடப்பிலுள்ள விதிகள் 40 விநாடிகளுக்குள் அடிக்கப் பரிந்துரைக்கின்றன. காற்று, தொலைவு, மட்டை ஆகியவற்றைப் பற்றிய யோசனையைப் பந்துக்குப் பின்னால் நின்றபோதே முடித்துவிட்டு, பந்தருகே வந்ததும் இலக்கை ஒருமுறை பார்த்து அடித்துவிடுங்கள். அங்கே ஐயம் எழுந்தால் விலகிப் பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள்; உடன் ஆடுபவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.