விமானத்தை விட்டுவிட்டு சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவரை அப்படியே விட்டுவிடுங்கள்

விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வுபெற்ற நண்பரை விமான அருங்காட்சியகம் கூட்டிப்போக ஆசை, ஆனால் முழங்கால் வலியும் பழைய நினைவுகளும் அவரைப் படுத்துமோ என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் கூட்டிப் போங்கள். ஆனால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் திட்டம் வேண்டாம்.

நானும் இப்படி ஒருவரோடு போனேன். விமானி அறையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் போய், பறக்கும்போது சக்கரம் மடங்கி உள்ளே போகும் சக்கரக் குழிக்குள் தலையை விட்டு, ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு) குழாய்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். முக்கால் மணி நேரம்! ஒரே விமானம்! அன்றைக்கு நான் கற்றதை எந்தத் தகவல் பலகையும் சொல்லாது. அதனால் அவர் பணிபுரிந்த விமான வகை அங்கே இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முழங்காலுக்கு ஒரு எச்சரிக்கை: டகோட்டா என்ற போக்குவரத்து விமானம் போல, வால் பக்கம் சிறு சக்கரம் உள்ள பழைய விமானங்கள் தரையில் மூக்கைத் தூக்கியபடி நிற்கும். உள்ளே நடப்பது சரிவில் ஏறுவது மாதிரி. சக்கர நாற்காலி கிடைக்குமா என்றும் கேட்டுவையுங்கள்.

நினைவுகளைப் பொறுத்தவரை, பார்ப்பது மட்டுமல்ல, சத்தமும் வாசனையும்கூட சட்டென்று தாக்கலாம். குண்டுச் சத்தம் போடும் ஒலி-ஒளிக் கூடம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், முடிவு அவருடையது. "போரில் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த மூடியை எப்படித் திறப்பது?" என்று கேளுங்கள், அப்புறம் அவரே பேசுவார். பேசாவிட்டாலும் சரி, பக்கத்தில் நில்லுங்கள்.